குழந்தையோடு வெளியே கிளம்ப: ஸ்ட்ரோலரா, கேரியரா? சென்னைத் தெருக்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மகள் பிறந்து ஒரு மாதம் ஆவதற்குள் எங்கள் வீட்டுக்கு ஒரு பெரிய ஸ்ட்ரோலர், அதாவது குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டி, வந்துவிட்டது. சொந்தக்காரர்கள் சேர்ந்து ஆசையாக வாங்கித் தந்தது. எடை 11 கிலோ. எங்கள் வீடு மேற்கு மாம்பலத்தில், மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். சிசேரியன் ஆன உடம்போடு அதைத் தூக்கி இறக்க வழியில்லை. படிக்கட்டுக்கு அடியில் நிறுத்தலாம் என்றால் அங்கே ஏற்கெனவே நான்கு ஸ்கூட்டர்கள். ஐந்து மாதம் அது பிரிக்காமலே நின்றது.

அந்த ஐந்து மாதமும் குழந்தை வெளியே போனது, நம் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் துணிக் கேரியரில்தான். ஆறாம் மாதத்துக்குப் பிறகு லேசான மடக்கு ஸ்ட்ரோலர் ஒன்று வாங்கினோம். இப்போது இரண்டும் வீட்டில் இருக்கின்றன, இரண்டுக்கும் வேலை இருக்கிறது. இதில் நான் உறுதியாகச் சொல்வது ஒன்றுதான். எது நல்லது என்பதைக் கடையில் நின்று முடிவு செய்யாதீர்கள். உங்கள் வாசற்படியிலிருந்து போகிற இடம் வரை என்ன பாதை இருக்கிறது என்பதுதான் அதை முடிவு செய்கிறது.

இரண்டுமே அப்படிப் பிறந்தவைதான். 1733இல் இங்கிலாந்தில் வில்லியம் கென்ட் என்பவர் டெவன்ஷயர் பிரபுவின் குழந்தைகளுக்காகச் செய்த வண்டி, ஆடோ குட்டிக் குதிரையோ இழுத்துப் போவதற்கானது. பெரிய தோட்டம் உள்ளவர்களுக்கு ஏற்ற வண்டி. 1965இல் ஓவன் மெக்லாரன் குடை போல மடங்கும் லேசான வண்டியை வடிவமைத்தார். அவர் விமானப் பொறியாளர், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை செய்தவர். கனமான தள்ளுவண்டியோடு பயணம் செய்து மகள் படுகிற பாட்டைப் பார்த்துத்தான் இதில் இறங்கினார். கேரியர் பக்கம் பார்த்தால், 1960களில் ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் வேலை செய்த ஆன் மூர் என்ற அமெரிக்கச் செவிலியர், அங்கே தாய்மார்கள் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வேலை பார்ப்பதைக் கண்டு, ஊர் திரும்பித் தன் மகளுக்கு அதைப் போல ஒன்று செய்தார். நம் ஊரிலோ இடுப்பில் குழந்தையும் கையில் குடமும் புதிதே இல்லை. இடுப்பு தாங்குகிற பாரத்தைத் துணி பங்குபோட்டுக்கொள்வதுதான் கேரியர்.

படி 1: ஒரு வாரப் போக்குவரத்தை எழுதுங்கள்

வாங்குவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதுங்கள். இந்த வாரம் குழந்தையோடு எங்கெல்லாம் போனீர்கள், அல்லது போக வேண்டியிருந்தும் போகாமல் விட்டீர்கள்? எங்கள் தாளில் இருந்தவை: தடுப்பூசி, காய்கறிக் கடை, அம்மா வீடு, மாலையில் ஒரு நடை, ஒரு கல்யாணம். ஒவ்வொன்றுக்கும் எதிரே எப்படிப் போனீர்கள், யார் கூட வந்தார், போன இடத்தில் எவ்வளவு நேரம் என்று குறியுங்கள். கடைசியில் உள்ளதுதான் முக்கியம். அரை மணி நேர வேலைக்குக் கேரியர் போதும். மூன்று மணி நேரம் உட்கார வேண்டிய இடத்தில் குழந்தையைப் படுக்க வைக்க ஏதாவது வேண்டும்.

படி 2: குழந்தை இல்லாமல் அந்தப் பாதையில் ஒருமுறை நடங்கள்

இதை யாரும் செய்வதில்லை. ஆனால் அரை மணி நேரத்தில் எல்லாம் தெரிந்துவிடும். நான் நடந்தபோது எண்ணியதைச் சொல்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து மாம்பலம் ரயில் நிலையம் வரை பத்து நிமிட நடை. அதற்குள் நடைபாதையில் ஏறி இறங்க வேண்டியது 14 இடங்களில். மூடி பெயர்ந்த மழைநீர் வடிகால் இரண்டு. டிரான்ஸ்ஃபார்மர் நடைபாதையை முழுசாக அடைத்த இடம் ஒன்று. பைக் ஏறாமல் இருக்க நட்டிருக்கும் தூண்கள் மூன்று இடத்தில். அந்தத் தூண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கையோடு அளந்துவிடுங்கள். மடக்கு ஸ்ட்ரோலர்கள் சுமார் 45 முதல் 50 செ.மீ. அகலம், பெரியவை 60ஐத் தொடும். நுழையாவிட்டால் ஸ்ட்ரோலர் சாலையில்தான் ஓட வேண்டும். அதுவும் குழந்தை உட்காரும் உயரம், வண்டிகளின் புகைக்குழாய்க்குப் பக்கத்து உயரம்.

ஒவ்வொரு தடங்கலிலும் ஸ்ட்ரோலரைக் குழந்தையோடு சேர்த்துத் தூக்க வேண்டும். 7 கிலோ வண்டியும் 7 கிலோ குழந்தையும் என்றால் 14 கிலோ. பத்து நிமிடத்தில் ஐந்து தடவைக்கு மேல் அப்படித் தூக்க வேண்டியிருந்தால் அது கேரியர் பாதை. என் கணக்கு இதுதான், இதுவரை தப்பவில்லை.

இதே ஊரில் ஸ்ட்ரோலர் சுகமாக உருளும் இடங்களும் உண்டு. பாண்டி பஜாரில் 2019இல் அகலப்படுத்திய நடைபாதை, பெசன்ட் நகர் கடற்கரைச் சாலை, பூங்காக்கள், மால்கள். மாம்பலம் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாலம் 2023 மே மாதம் திறந்தது. 570 மீட்டர், லிஃப்ட் வசதியும் உண்டு. கீழே ரங்கநாதன் தெருவில் ஸ்ட்ரோலரை ஓர் அடிகூட நகர்த்த முடியாது. மேலே பாலத்தில் ஒரு கையால் தள்ளிக்கொண்டு போகலாம். அதனால்தான் ஊரைப் பார்த்து முடிவு செய்ய முடியாது என்கிறேன். உங்கள் தெருவைப் பார்க்க வேண்டும்.

பேருந்துக்குத் தனிக் கணக்கு. சாதாரண மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை, அதனால் நம்மில் நிறையப் பேர் அதில்தான் போகிறோம். ஆனால் அந்தப் படிகள் உயரம், கதவு குறுகல். கையில் மடக்கிய ஸ்ட்ரோலர், இடுப்பில் குழந்தை, தோளில் பை என்று ஏறுவது ஆபத்து. அங்கே கேரியர்தான், ஒரு கை கம்பியைப் பிடிக்க மிஞ்சும். 2024 ஆகஸ்டிலிருந்து ஓடும் தாழ்தளப் பேருந்துகள் வேறு மாதிரி. பக்கவாட்டில் தாழ்ந்து கொடுக்கும், சாய்தளமும் உண்டு. உங்கள் தடத்தில் அது வருகிறதா என்று விசாரியுங்கள். மெட்ரோவில் நிலையத்துக்கு நிலையம் லிஃப்ட் இருப்பதால் ஸ்ட்ரோலருக்குச் சிக்கல் இல்லை. எஸ்கலேட்டரில் மட்டும் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

படி 3: வயதையும் எடையையும் பொருத்துங்கள்

பட்டைகளைப் பக்கிளால் மாட்டும் பெரும்பாலான பக்கிள் கேரியர்களின் பெட்டியில் குறைந்தபட்ச எடை 3.5 கிலோ என்று இருக்கும். நம் ஊரில் 3 கிலோவுக்குக் கீழே பிறக்கும் குழந்தைகள் நிறைய. அதனால் 'பிறந்த நாள் முதல்' என்ற விளம்பர வரியை நம்பாமல் எடையைப் பாருங்கள். குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை, மூச்சுத் தொந்தரவு உள்ள குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் கேரியர்.

கழுத்து நிற்கும் வரை, அதாவது ஏறத்தாழ நான்கு மாதம் வரை, முன்பக்கம் நம்மைப் பார்த்தபடி மட்டும். தானாக உட்கார்ந்த பிறகு, ஆறு மாதத்தை ஒட்டி, இடுப்புப் பக்கமும் முதுகிலும் கட்டலாம். வெளிப்பக்கம் பார்த்தபடி வைப்பதும் அதற்குப் பிறகுதான், அதுவும் பத்துப் பதினைந்து நிமிடம். தூக்கம் வந்தால் உடனே நம் பக்கம் திருப்பிவிட வேண்டும்.

ஸ்ட்ரோலரில் இதற்கு நேர் எதிரான விதி. சின்னக் குழந்தைக்கு முழுசாகப் படுக்கும்படி சாய வேண்டும். லேசான குடை வண்டிகள் பலவும் அப்படிச் சாயாது, அவை ஆறு மாதத்துக்குப் பிறகுதான். ஆக, புதிதாகப் பிறந்த குழந்தைக்கு ஏற்ற ஸ்ட்ரோலர் கனமானது, லேசான ஸ்ட்ரோலர் புதிதாகப் பிறந்த குழந்தைக்கு ஏற்றதல்ல. மாடிப்படி உள்ள வீட்டுக்காரர்களுக்கு இந்த ஒரு விஷயமே விடை சொல்லிவிடும்: முதலில் கேரியர், ஆறு மாதத்துக்குப் பிறகு லேசான ஸ்ட்ரோலர். தரைத்தளம் அல்லது லிஃப்ட், எதிரே நல்ல பூங்கா என்று இருப்பவர்கள் மாற்றியும் யோசிக்கலாம்.

படி 4: கேரியர் வகையும், கட்டும் முறையும்

மூன்று வகை போதும். ரிங் ஸ்லிங் என்பது ஒரு தோளில் போடும் இரண்டு மீட்டர் துணி, இரண்டு வளையம். சட்டென்று எடுக்க, இறக்க வசதி. ஆனால் பாரம் ஒரே தோளில் இறங்கும், அரை மணிக்கு மேல் கஷ்டம். நீளத் துணியான ராப் சின்னக் குழந்தைக்கு இதமாக இருக்கும். ஆனால் ஐந்து மீட்டர் துணி, கட்டப் பழக்கம் வேண்டும், வெளியே கட்டினால் நுனி தரையில் புரளும். பக்கிள் கேரியர்தான் பெரும்பாலோருக்கு ஏற்றது. பாரம் இடுப்புக்கும் இரண்டு தோளுக்கும் பிரிகிறது, அப்பாவும் அளவை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். வீட்டில் இருக்கும் பழஞ்சேலையில் கட்டலாமே என்று கேட்பார்கள். பலமுறை துவைத்து நைந்த துணி எங்கே கிழியும் என்று சொல்ல முடியாது. அதில் குழந்தையைக் கட்டிக்கொண்டு தெருவில் நடக்க வேண்டாம்.

முதல் நான்கு நாள் குழந்தையே வேண்டாம். மூன்று கிலோ அரிசிப் பையை வைத்துப் பழகுங்கள். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில், கூட ஒருவர் இருக்கும்போது, குழந்தையோடு. குழந்தை பசியில் அழும்போது முதல் தடவை முயற்சி செய்யாதீர்கள். பால் குடித்து, ஏப்பம் விட்டு, முகம் தெளிந்திருக்கும் நேரம் பாருங்கள்.

இடுப்புப் பட்டையை முதலில் போடுங்கள். தொப்புளுக்கு மேலே, இறுக்கமாக. சிசேரியன் தையல் உள்ளவர்கள் அது தையலில் படாத உயரத்தில் போட வேண்டும், வலித்தால் தள்ளிப்போட வேண்டும். குழந்தையை நெஞ்சோடு அணைத்து, கால்களை இரண்டு பக்கமும் விரித்து உட்கார வையுங்கள். துணியை முதுகு மேல் ஏற்றுங்கள். ஒரு கை எப்போதும் குழந்தையின் முதுகில் இருக்க, தோள்பட்டைகளைப் போட்டுப் பின்னால் பக்கிளை மாட்டுங்கள். டக் என்று சத்தம் கேட்க வேண்டும். அப்புறம் பக்கவாட்டுப் பட்டைகளை இழுத்து இறுக்குங்கள்.

இப்போது கண்ணாடி முன் நின்று பாருங்கள். குனிந்தால் உச்சந்தலையில் முத்தம் கொடுக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் குழந்தை ரொம்பக் கீழே இருக்கிறது. மூக்கும் வாயும் தெரிய வேண்டும், துணியோ நம் உடம்போ மூடக் கூடாது. தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். தாடை நெஞ்சில் ஒட்டிக்கொண்டால் மூச்சுக்குழல் மடங்கும், சத்தமே வராமல் மூச்சு தடைப்படும். 2010இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஸ்லிங் குறித்து எச்சரிக்கை விட்டது இதனால்தான். நான்கு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்குத்தான் அபாயம் அதிகம் என்றும் சொன்னது. பை போலத் தொங்கி, குழந்தை உள்ளே சுருண்டு கிடக்கும் ஸ்லிங்கை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கடைசியாகக் கால். முழங்கால் பிட்டத்தைவிடச் சற்று உயரத்தில், தொடை முழுவதும் துணி தாங்கும்படி இருக்க வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்து 'எம்' மாதிரி. கால் கம்பி போல நேராகத் தொங்கும் குறுகலான கேரியர் இடுப்பு மூட்டுக்கு நல்லதல்ல.

எங்கள் அத்தை இரண்டு விஷயம் சொன்னார். "கால் வளைஞ்சு போயிடும்மா" என்பது ஒன்று. குழந்தை பிறக்கும்போதே கால் மடங்கித்தான் இருக்கும், அந்த மடங்கலைத் தாங்குவதுதான் இந்த உட்காரும் முறை. நம் இடுப்பில் உட்கார வைத்தாலும் கால் அப்படித்தானே விரிகிறது என்று காட்டியதும் அவருக்குப் புரிந்தது. "கைச்சூடு பழகிட்டா அப்புறம் கீழேயே இறங்காது" என்பது இன்னொன்று. 1986இல் கனடாவின் மான்ட்ரியலில் ஹன்சைக்கர், பார் என்ற இரு ஆய்வாளர்கள், குழந்தைகளைத் தினமும் கூடுதலாகத் தூக்கி வைத்திருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். ஆறு வார வயதில் அந்தக் குழந்தைகள் மற்றவற்றைவிட 43 சதவீதம் குறைவாக அழுதன. கடும் வயிற்றுவலி அழுகைக்கு இது மருந்தல்ல, ஆனால் தூக்கினால் கெட்டுப்போகும் என்ற பயம் தேவையில்லை. இன்று அத்தையே மாலையில் "அந்தப் பையை மாட்டிக்கோ, தூங்கிடுவா" என்கிறார்.

கேரியர் மாட்டியிருக்கும்போது செய்யக் கூடாதவை: அடுப்படி வேலை, சூடான காபி. தெருமுனைக் கடையில் டீ கையில் வந்துவிடும், வாங்காதீர்கள், குழந்தை கையை வீசும். கீழே கிடப்பதை எடுக்க இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுங்கள்.

படி 5: வெயில்

கேரியரின் உண்மையான குறை இது. மே மாதத்தில் இரண்டு உடம்பு ஒட்டிக்கொண்டிருந்தால் இருவருக்கும் வியர்வை ஆறாய் ஓடும். கேரியர் துணியே ஓர் உடுப்பு என்று கணக்கு வைத்து, குழந்தைக்கு மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று மட்டும் போடுங்கள். பஞ்சு வைத்துத் தைத்தது வேண்டாம், வலைத்துணியோ மெல்லிய பருத்தியோ பாருங்கள். அரை மணிக்கு ஒருமுறை பிடரியில் கை வைத்துப் பாருங்கள். சூடாக, பிசுபிசுப்பாக இருந்தால் நிழலில் நின்று வெளியே எடுத்து ஆற விடுங்கள். காலை ஒன்பதுக்குள், மாலை ஐந்துக்கு மேல் என்று வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

ஸ்ட்ரோலரில் காற்று வரும், ஆனால் அங்கே ஒரு பெரிய தப்பு நடக்கிறது. வெயில் படாமல் இருக்க மேலே துண்டு போட்டு மூடுவது. 2014இல் ஸ்வீடனில் ஒரு நாளிதழ் இதைச் சோதித்துப் பார்த்தது. மூடாத வண்டிக்குள் 22 டிகிரி. மெல்லிய துணி போட்டதும் அரை மணியில் 34, ஒரு மணி நேரத்தில் 37. அது ஸ்வீடன். நம் ஊர் வெயிலில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வண்டியோடு வரும் குடையை இழுத்துவிட்டு, மற்ற பக்கங்களைத் திறந்தே வையுங்கள்.

படி 6: ஸ்ட்ரோலர் வாங்கும்போது

கடையில் குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் மடக்கிப் பாருங்கள். முடியாவிட்டால் ஆட்டோ நிற்கும் அவசரத்தில் கண்டிப்பாக முடியாது. மடக்கியது ஆட்டோவில் சீட்டுக்குப் பின்னால் போகுமா என்று பாருங்கள். எடை 7 கிலோவுக்குள், இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால் நடுவே என ஐந்து முனைப் பெல்ட், பின்சக்கர பிரேக். நம் நடைபாதைக் கற்களுக்குச் சக்கரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. சின்னப் பிளாஸ்டிக் சக்கரம் கல் இடுக்கில் மாட்டி, வண்டி முன்னால் கவிழப் பார்க்கும்.

குழந்தை நம்மைப் பார்த்தபடி உட்காரும் வகை கிடைத்தால் அதை எடுங்கள். ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகத்தின் சுசான் சீடிக் 2008இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தை பெற்றோரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் பெற்றோர் ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகம் பேசினார்கள். "அதோ பாரு மாடு" என்று சொல்ல முகம் தெரிய வேண்டுமே.

ஒரு நாள் காய்கறிப் பையைக் கைப்பிடியில் மாட்டியிருந்தேன். குழந்தை தூங்கியது, பெல்ட்டைக் கழற்றி அவளைத் தூக்கினேன். தூக்கிய நொடியில் வண்டி பின்பக்கம் மல்லாந்து விழுந்தது, தக்காளி தெருவெல்லாம் உருண்டது. அவள் உள்ளே இருந்து, பை இன்னும் இரண்டு கிலோ கூட இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்றும் வயிற்றைப் பிசைகிறது. கைப்பிடியில் எதையும் மாட்டாதீர்கள். கீழ்க்கூடையில் வையுங்கள்.

ஸ்ட்ரோலருக்கு ஆதரவாக ஒரு பெரிய காரணம் உண்டு: தாத்தா பாட்டி. முழங்கால் வலி உள்ள என் அப்பாவால் குழந்தையைக் கட்டிக்கொண்டு நடக்க முடியாது. ஆனால் காலை ஆறு மணிக்குப் பூங்காவில் ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு அரை மணி சுற்றி வருவார். அந்த அரை மணிதான் எனக்குத் தூக்கம்.

படி 7: இருசக்கர வண்டி, ஆட்டோ, கார்

இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். கேரியரில் குழந்தையைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். கேரியர் நடப்பதற்கான பொருள், விபத்தில் காப்பாற்றாது. 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதிப்படி, நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும், ஒன்பது மாதம் முதல் ஹெல்மெட் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்தப் பட்டையும் கேரியரும் ஒன்றல்ல. ஹெல்மெட் போட முடியாத வயதுக் குழந்தையை இருசக்கர வண்டியில் ஏற்றவே வேண்டாம் என்பது என் முடிவு.

காரில் குழந்தைக்கான தனி இருக்கைதான். கேரியரோடு நாம் சீட் பெல்ட் போட்டுக்கொண்டால் மோதலில் நம் எடையே குழந்தையை நசுக்கும். ஆட்டோவில் எந்தப் பாதுகாப்பும் கிடையாது, மெதுவாகப் போகச் சொல்லி, நடுவில் உட்கார்ந்து, குழந்தையைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வதுதான் இருக்கிறது.

படி 8: இடத்துக்கு இடம்

தடுப்பூசிக்குப் போகக் கேரியர், டோக்கன் வரிசையில் கை காலியாக இருக்கும். ஆனால் 6, 10, 14 வார ஊசிகள் தொடையில் போடுவார்கள். திரும்பும்போது அந்தத் தொடையில் துணி அழுந்தினால் வீறிடும், அதனால் திரும்பி வரக் கைகளிலேயே தூக்கிக்கொள்ளும்படி கூட ஒருவரை அழைத்துப் போங்கள். கோயிலுக்கும் கேரியர்தான். ஸ்ட்ரோலரைச் செருப்பு விடும் இடத்தில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக முடியும். கல்யாண மண்டபத்துக்கு ஸ்ட்ரோலர், சாய்த்துவிட்டு ஃபேன் காற்றில் தூங்க வைத்தால் நாம் பந்தியில் நிம்மதியாக உட்காரலாம், பக்கத்திலேயே பிரேக் போட்டு. மழை நாளில் கேரியரும் பெரிய குடையும். தேங்கிய தண்ணீரில் எது பள்ளம் என்று சக்கரத்துக்குத் தெரியாது.

பாதி வழி நல்ல சாலை, பாதி மோசம் என்றால் இரண்டையும் எடுத்துப் போங்கள். ரிங் ஸ்லிங் சுருட்டினால் ஸ்ட்ரோலரின் கீழ்க்கூடையில் ஒரு துண்டு அளவுதான். நாங்கள் தி.நகர் போவது இப்படித்தான்: படியிறங்கி நிலையம் வரை அவள் என் நெஞ்சில், என் கணவர் கையில் மடக்கிய வண்டி. லிஃப்டில் ஏறிப் பாலத்தை அடைந்ததும் பிரித்து உட்கார வைத்துவிடுவோம். இறங்கியதும் மறுபடி மடக்கிவிடுவோம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தாளை எடுத்துத் திரும்ப எழுதுங்கள். நடக்கத் தொடங்கியதும் எல்லாம் மாறும். என் மகளுக்கு இப்போது ஒன்றரை வயது, பத்து கிலோ. ஸ்ட்ரோலரை அவளே தள்ளுவேன் என்கிறாள், பத்தடி தள்ளிவிட்டுக் கையைத் தூக்கி நிற்கிறாள். அதனால் கீழ்க்கூடையில் அந்த ஸ்லிங் இன்னும் இருக்கிறது.